நார்ஃபோக்கில் பறவை பார்க்க எங்கே தொடங்கலாம்?

கேள்வி இதுதான்: வேலைக்காக நார்விச் வந்து ஆறு மாதமாகிறது. ஊரில் இருந்தபோது வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று சுற்றிய பழக்கம் உண்டு. நார்ஃபோக் கவுண்டி பறவைகளுக்குப் பேர்போனது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இடங்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கார் இன்னும் வாங்கவில்லை. ஏழு வயது மகள் இருக்கிறாள். இப்போது அக்டோபர், குளிர் வரப்போகிறது. எங்கே தொடங்குவது?

இங்கிலாந்தில் பறவை பார்க்கிறவர்கள் லீவு போட்டு, வாடகைக்கு வீடெடுத்துத் தங்கிப் பார்க்க வருகிற கவுண்டி இது. நீங்கள் அதற்குள்ளேயே குடியிருக்கிறீர்கள். அதனால் அவசரப்பட்டு ஒரே நாளில் நாலு இடம் ஓட வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் ஓடுகிறார்கள், பாதியைக் கோட்டை விடுகிறார்கள்.

வரைபடத்தைப் பாருங்கள். வட கடலுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிற நிலம் நார்ஃபோக். மேற்கே வாஷ் என்கிற அகன்ற கழிமுகம். வடக்கே ஹன்ஸ்டன்டனில் இருந்து கிழக்காகப் போனால் உவர்ச் சதுப்பும் மணல்மேடும் கூழாங்கல் கரையும் மாறி மாறி வரும். நார்விச்சுக்குக் கிழக்கே பிராட்ஸ் எனப்படும் ஏரிகளும் நாணல் காடுகளும். இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரி மண் வெட்டிய பள்ளங்களில் பின்னால் தண்ணீர் ஏறி உண்டானவை. தென்மேற்கே பிரெக்ஸ் என்கிற வறண்ட மணல் பூமி. அதையும் தாண்டி மேற்கே ஃபென்ஸ் தாழ்நிலம். ஒரு கவுண்டிக்குள் இத்தனை விதமான நிலம் இருப்பதால்தான் இத்தனை விதமான பறவைகள்.

பட்டியலைப் பார்த்துத் தலை சுற்றுவதற்குக் காரணம், அது இடங்களை மட்டும் சொல்கிறது, நேரத்தைச் சொல்வதில்லை. இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேளை இருக்கிறது. ஒன்று கடல் ஏறும்போது, ஒன்று அந்தி சாயும்போது, ஒன்று கிழக்குக் காற்று அடிக்கும்போது, ஒன்று மே மாதத்தில் மட்டும். வேளை தப்பிப் போனால் பேர்பெற்ற இடத்திலும் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆகவே இடத்தோடு வேளையையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு முதலில் ஸ்ட்ரம்ப்ஷா ஃபென். இங்கிலாந்தின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்எஸ்பிபி நடத்துகிற சரணாலயம். நார்விச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பத்து நிமிடத்தில் பிரண்டல். அங்கிருந்து அரை மணி நேர நடை. ரயில் பாதையைக் குறுக்கே கடந்துதான் உள்ளே போக வேண்டும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நுழைவிலேயே ஒரு குளம், அதைப் பார்த்தபடி வரவேற்பு ஹைட். ஹைட் என்றால் பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கிற மறைவுக் குடில். மற்ற எங்கும் போகாமல் அங்கேயே ஒரு மணி நேரம் உட்காரலாம். நம்மூர் ஓடைக்கரையில் பார்த்த அதே இனத்துச் சிறிய நீல மீன்கொத்தி இங்கேயும் வரும். நாணலுக்கு மேலே சேற்றுப் பூனைப்பருந்து தாழ்ந்து பறந்து தேடிக்கொண்டே போகும். நீர்நாயும் உண்டு, அதிகாலையில் வருகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தட்டுப்படுகிறது. வசந்த காலத்தில் பெருங்குருகின் முழக்கம் கேட்கும். ஆங்கிலத்தில் பிட்டர்ன் என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் பெருங்குருகின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேட்டையும் சதுப்பு வடிப்பும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனிலிருந்து அதை இனப்பெருக்கப் பறவையாக இல்லாமல் ஆக்கிவிட்டன. 1911இல், இதே நார்ஃபோக் பிராட்ஸில் சட்டன் பிராட் என்கிற இடத்தில், எம்மா டர்னர் என்ற புகைப்படக் கலைஞரும் ஜிம் வின்சென்ட் என்ற வேட்டைநிலக் காவலரும் ஒரு குஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் திரும்பி வந்ததற்கு முதல் சாட்சி. பிறகு பெருகி, மறுபடி தேய்ந்து, 1997இல் நாடு முழுவதற்கும் முழங்குகிற ஆண் பறவைகள் 11தான் மிஞ்சின. அதன் பிறகு நாணல் காடுகளைத் தேடித் தேடிச் சீர் செய்ததில் இன்று 200ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் நேரில் பார்ப்பது லேசில்லை. நாணலுக்கு நடுவே கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி நின்றுவிட்டால் பத்து அடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்ச், ஏப்ரலில் விடிகாலையில் போய்க் காதால் பிடியுங்கள். ஜூனில் குஞ்சுகளுக்கு இரை தேடித் தாய்ப்பறவை குறுக்கும் நெடுக்கும் பறக்கும், அப்போதுதான் கண்ணால் பிடிக்க வாய்ப்பு.

ஸ்ட்ரம்ப்ஷாவுக்கு இன்னொரு வேளை மே கடைசியில் தொடங்கி ஜூலை நடுவரை. ஸ்வாலோடெயில் என்கிற பெரிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி பறக்கும் காலம். பிரிட்டனுக்கே உரிய அந்த வகை பிராட்ஸைத் தவிர வேறெங்கும் வாழ்வதில்லை. அதன் புழு மில்க் பார்ஸ்லி என்ற சதுப்புச் செடியைத் தின்று வளர்வது. வெயிலடிக்கிற, காற்றில்லாத காலையாகப் பார்த்துப் போங்கள். பறவையில் சலித்துப்போன பிள்ளைகள்கூட இதைப் பார்த்தால் நின்றுவிடும்.

ஸ்ட்ரம்ப்ஷாவுக்கு அடுத்ததே பக்கனம் புல்வெளி. குளிர்காலத்தில் விஜியன் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மேயும், விசில் அடிக்கிற மாதிரி அவை எழுப்பும் சத்தம் வெளி முழுக்கக் கேட்கும். பக்கனத்திலும் ஒரு குட்டி ஸ்டேஷன் உண்டு. ஆனால் அங்கே நிற்கிற ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதை நம்பாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பொழுது சாய்கிற நேரம் அங்கே இருக்க முடிந்தால் ரூக், ஜாக்டா காக்கைகள் பல்லாயிரக் கணக்கில் வயலில் கூடி, இருட்டுகிற சமயத்தில் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி மரங்களில் அடைவதைப் பார்க்கலாம். காக்கைதானே என்று நினைக்காதீர்கள். எனக்கு இந்தக் கவுண்டியில் பிடித்த காட்சிகளில் அது ஒன்று.

அடுத்தது வடக்குக் கரையில் இருக்கிற கிளே. நார்விச்சிலிருந்து ஷெரிங்ஹம் போகிற ரயில் பாதைக்குப் பெயரே பிட்டர்ன் லைன். ஷெரிங்ஹமில் இறங்கிக் கோஸ்ட்ஹாப்பர் பஸ் பிடித்தால் கிளே மார்ஷஸ் வாசலிலேயே இறங்கலாம். குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பஸ் குறைவு, திரும்பி வருகிற கடைசி பஸ்ஸைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கிளே சாதாரண இடமல்ல. 1926இல் சிட்னி லாங் என்ற மருத்துவர் முன்கை எடுத்து இந்தச் சதுப்பை வாங்கி, அதைக் காப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று நார்ஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் என்ற பெயரில் இருப்பது அதுதான். இங்கிலாந்தில் கவுண்டிக்கு ஒரு வனவிலங்கு அறக்கட்டளை என்கிற ஏற்பாடு இங்கிருந்துதான் தொடங்கிற்று. மேட்டில் இருக்கிற பார்வையாளர் மையத்திலிருந்து பார்த்தால் முழுச் சதுப்பும், அதற்குப் பின்னால் கூழாங்கல் கரையும், அதற்கும் பின்னால் கடலும் ஒரே பார்வையில் தெரியும். அங்கேயே ஓட்டலும் கழிப்பறையும் இருப்பதால் குழந்தையோடு போவதற்குச் சௌகரியம். கடல் அவ்வப்போது உள்ளே வந்து தன் வேலையைக் காட்டும். 2013 டிசம்பரில் வந்த பெருங்கொந்தளிப்பு கரையை உடைத்துச் சதுப்பையே மூழ்கடித்தது.

உள்ளே இருக்கிற ஹைட்களில் கோணமூக்கு உள்ளான், கரண்டிவாயன், கருவால் மூக்கன் எல்லாம் காட்சி கொடுக்கும். ஆனால் கிளேயில் நான் எல்லோரையும் தேடச் சொல்வது பியர்டட் டிட் என்கிற சின்னப் பறவையை. நாணலை விட்டு அது வெளியே வருவதில்லை. காற்று அடித்தால் அடியில் போய்ப் பதுங்கிவிடும், ஆகவே காற்றில்லாத காலையாக இருக்க வேண்டும். ஈஸ்ட் பேங்க் என்கிற கரைமேல் நடந்து, ஓரிடத்தில் நின்று காதைக் கொடுங்கள். 'பிங், பிங்' என்று உலோகத்தில் சுண்டிய மாதிரி ஒலி வரும். அந்தத் திசையில் நாணல் உச்சியைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே ஏறிவரும்: உடல் செம்பழுப்பு, ஆணுக்குத் தலை வெளிர் சாம்பல் நீலம், அலகின் இருபுறமும் தொங்குகிற கறுப்பு மீசை. ஒரு காலால் ஒரு தண்டையும் மறு காலால் பக்கத்துத் தண்டையும் பிடித்து, கால்களை அகல விரித்தபடி நிற்கும். தண்டுகள் விலக விலகக் கால்களும் விலகும். சரி, இனி முடியாது என்கிற கட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். கோடையில் பூச்சி தின்கிற இந்தப் பறவை குளிர்காலத்தில் நாணல் விதைக்கு மாறிவிடுகிறது. அதனால்தான் பனி உறைந்தாலும் இடம் பெயராமல் இங்கேயே இருக்க முடிகிறது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் கிளே தேவாலயத்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். 2008 ஜனவரியில் வட அமெரிக்காவில் இருக்க வேண்டிய ஒரு வெண்கொண்டைச் சிட்டு இந்த ஊர் வீட்டுத் தோட்டம் ஒன்றில் வந்து இறங்கியது. அதைப் பார்க்க நாடெங்கிலும் இருந்து வந்தவர்கள் உண்டியலில் போட்ட பணம் தேவாலயத்தைப் பழுது பார்க்கப் போயிற்று. நன்றிக்கு அந்தச் சிட்டின் உருவத்தை ஜன்னல் கண்ணாடியில் சேர்த்துவிட்டார்கள். இதே ஊரில்தான் நான்சிஸ் கஃபே என்று ஒன்று 1980களின் கடைசி வரை இருந்தது. கைபேசி இல்லாத காலம். அபூர்வப் பறவை எங்கே வந்திருக்கிறது என்று கேட்டு நாடு முழுவதிலிருந்தும் அங்கே போன் அடிக்கும். போனுக்குப் பக்கத்தில் யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நோட்டில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல வேண்டும். இன்று ஆப்பில் வருகிற செய்திக்கு அதுதான் முன்னோடி.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்னெட்டிஷம். வாஷ் கழிமுகத்தின் கிழக்குக் கரையில் இருக்கிற ஆர்எஸ்பிபி இடம். குளிர்காலத்தில் வாஷில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்குகின்றன. கடல் வடிந்திருக்கும்போது அவை கண்ணுக்கெட்டாத தூரத்துக்குச் சேற்றில் பரவி இரை தேடும். அந்த நேரத்தில் போனால் தூரத்தில் புள்ளிகள்தான். கடல் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகளும் கரையை நோக்கி நெருங்கி வரும். எல்லா ஏற்றத்திலும் சேறு முழுவதும் மூழ்கிவிடாது. பெரிய ஏற்றம் வர வேண்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து இரண்டொரு நாளில் வருவதுதான் பெரிய ஏற்றம். அதில் ஒரு வசதி, வாஷில் அந்த நாட்களில் கடல் உச்சிக்கு ஏறுவது காலையிலும் மாலையிலுமாக அமைந்துவிடுகிறது. வீட்டில் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தால் உத்தேசம் அதிலேயே கிடைத்துவிடும். பிறகு ஆர்எஸ்பிபி தன் தளத்தில் போடுகிற தேதிகளோடும் ஓத அட்டவணையோடும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உச்ச நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும். கார் நிறுத்தத்திலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் நடை, பாதி இருட்டில். போய் நின்றால் முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் பார்த்தால் சேற்றின் ஓரத்தில் ஒரு சாம்பல் கறை. அது நாட் என்கிற உள்ளான் கூட்டம். கனடாவின் வட கோடியிலும் கிரீன்லாந்திலும் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வந்து சேற்றுக்குள் சிப்பி தோண்டித் தின்கிறவை. தண்ணீர் முன்னேற முன்னேற அவை பின்னால் நடந்து வரும். நிற்கிற இடம் குறையக் குறைய நெருக்கிக்கொண்டு, ஒன்றின் முதுகுமேல் ஒன்று ஏறாத குறை. கடைசித் திட்டும் மூழ்குகிற நிமிடம் மொத்தக் கூட்டமும் எழும். திரும்பும்போது ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் உங்கள் தலைக்கு மேலாகவே பாயும். பல்லாயிரம் இறக்கைகளின் இரைச்சல் மட்டும்தான், குரல் இருக்காது. பின்னால் இருக்கிற குட்டைகளில் போய் இறங்கும். அந்தக் குட்டைகளும் மனிதன் தோண்டியவைதான். இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளம் போடக் கூழாங்கல் எடுத்த பள்ளங்கள். இப்போது நீங்கள் திரும்பி ஹைட்டுக்குள் போய் உட்காருங்கள். மேலே எழுந்தது அத்தனையும் இங்கே ஒரு சின்னத் தீவில் கூழாங்கல் தெரியாதபடி நெருக்கி நின்று, காற்றுக்கு முகம் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். கடல் வடியத் தொடங்கினதும் பகுதி பகுதியாகத் திரும்பிப் போகும்.

ஸ்னெட்டிஷமில் இரண்டாவது காட்சி வாத்துகள். ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வரும் பிங்க்ஃபுட் வாத்துகள் இரவில் வாஷ் சேற்றில் படுத்துவிட்டு, விடிகிற நேரத்தில் வரிசை வரிசையாக நம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு உள்நாட்டு வயல்களுக்குப் போகும். சர்க்கரைக்கிழங்கு பிடுங்கிய வயலில் வெட்டிப் போட்ட தழைதான் அவற்றுக்குத் தீனி. இதற்கு நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். ஆனால் பௌர்ணமியை ஒட்டி வேண்டாம். நிலவு வெளிச்சத்தில் அவை ராத்திரியே வயலுக்குப் போய் மேய்ந்துவிடும், விடிகாலை அணிவகுப்பு கலைந்துபோகும். அப்படியானால் உள்ளானும் வாத்தும் ஒரே காலையில் வேண்டும் என்றால் அமாவாசைக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்களைத்தான் பிடிக்க வேண்டும். கார் இல்லாமல் விடிகாலையில் அங்கே போய்ச் சேர வழியில்லை. முதல்நாளே ஹன்ஸ்டன்டன் பக்கம் தங்கி டாக்ஸி சொல்லிவைப்பது, அல்லது காருள்ள நண்பரைப் பிடிப்பது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: போட்டோவுக்காகச் சேற்றுக்குள் இறங்காதீர்கள். கடல் ஏறுகிற வேகம் நடக்கிற மனிதனைத் தோற்கடித்துவிடும், ஓடைகள் வழியாக முதுகுப் பக்கம் வந்துவிடும்.

ஸ்னெட்டிஷம் போனவர்கள் அதே நாளில் டிச்வெல் போவது வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. 1973இல் ஆர்எஸ்பிபி வாங்கிய இடம். பார்வையாளர் மையத்திலிருந்து கடற்கரை வரை நேரான, மேடுபள்ளம் இல்லாத பாதை. ஒரு பக்கம் நன்னீர்க் குளம், மறு பக்கம் உவர்ச் சதுப்பு, முடிவில் கடல். பிள்ளைகளோடு போக வடக்குக் கரையில் இதைவிட நல்ல இடம் கிடையாது. மழை வந்தால் ஒதுங்க ஹைட்கள், பசித்தால் சூடான சாப்பாடு. இங்கே நமக்கு ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. பள்ளிக்கரணையில் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத நெடுங்கால் உள்ளான் இங்கிலாந்தில் அபூர்வம். 1993இல் ஒன்று டிச்வெல்லுக்கு வந்து, 2005 வரை தனியாகவே இங்கே இருந்துவிட்டது. சாமி என்று பெயர் வைத்தார்கள். நம்ம ஊர் சாமி இல்லை, சாமுவேலின் செல்லச் சுருக்கம் மாதிரி. அதைப் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போனார்கள்.

டிச்வெல்லுக்கும் கிளேக்கும் நடுவே ஹோக்கம். பெரிய பண்ணையார் குடும்பத்தின் எஸ்டேட், அதையொட்டிய தேசியச் சரணாலயம். இங்கே வேளை இரண்டு. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கரண்டிவாயன்கள். 300 ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் கூட்டமாகக் கூடு கட்டாமல் இருந்த கரண்டிவாயன் 2010இல் இங்கே குடியேறியது. ஜோ ஜோர்டன் ஹைட்டிலிருந்து பார்த்தால் மரக்கூட்டத்திலிருந்து அவை போவதும் வருவதும் தெரியும். வேடந்தாங்கலில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண்ணிக்கை கம்மிதான். ஆனால் பக்கத்து ஹைட் பெஞ்சில் இருக்கிற எழுபது வயதுக்காரர் ஒவ்வொரு பறவைக்கும் சிலிர்ப்பதைப் பார்க்கும்போது நமக்கும் தொற்றிக்கொள்ளும். இரண்டாவது வேளை குளிர்காலம்: லேடி ஆன்ஸ் டிரைவ் என்கிற சாலையின் இருபுறமும் பிங்க்ஃபுட் வாத்துகள் காரிலிருந்து இறங்காமலே பார்க்கிற தூரத்தில் மேயும். அப்படியே கடற்கரைக்கு நடந்தால் உவர்ச் சதுப்பில் ஷோர் லார்க் வானம்பாடியும் ஸ்னோ பன்டிங் சிட்டும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

ஹோக்கம், வெல்ஸ் ஊர்களின் கடலோரப் பைன் காட்டுக்கு இன்னொரு காலக் கணக்கு இருக்கிறது, அது இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால், ஸ்காண்டிநேவியாவிலிருந்து தெற்கே வலசை போகிற சின்னப் பறவைகள் திசை தள்ளப்பட்டு, களைத்துப்போய் இந்தக் கரையில் விழும். சைபீரியக் காட்டுப் பறவையான மஞ்சள் புருவக் கதிர்க்குருவி இலைக்குள் 'ட்சுவீஸ்ட்' என்று கத்திக்கொண்டிருக்கும், எடை ஆறேழு கிராம்தான். மேற்குக் காற்று வீசுகிற வாரத்தில் அதே காட்டில் நாள் முழுக்க நடந்தாலும் ராபின்தான். வானிலை அறிக்கையில் காற்றுத் திசையைப் பார்க்கிற பழக்கத்தை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

அந்திக்கான இடம் ஹிக்லிங் பக்கம் உள்ள ஸ்டப் மில். நார்விச்சுக்கு வடகிழக்கே, பிராட்ஸ் நடுவில். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, பொழுது சாய ஒன்றரை மணி நேரம் முன்பு போக வேண்டும். டிசம்பரில் மாலை 3:40க்கே சூரியன் மறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம், மதியச் சாப்பாடு முடிந்ததுமே கிளம்பினால்தான் சரி. ஹிக்லிங் பிராட் சரணாலயக் கார் நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு வயல்பாதையில் நடந்தால் பழைய காற்றாலையின் அடியில் ஒரு கரை. அங்கே நின்று சதுப்பைப் பார்த்தபடி காத்திருப்பதுதான் வேலை. நாலா திசையிலிருந்தும் சேற்றுப் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து நாணலில் அடையும். ஹென் ஹேரியர் என்கிற இன்னொரு பூனைப்பருந்தின் வெளிர் சாம்பல் ஆண் ஒன்று கடந்தால் கரையில் நிற்கிறவர்கள் எல்லோருமே ஒருமுறை அசைவார்கள். கூகை வேலி ஓரமாகச் சத்தமில்லாமல் போகும். இருட்டுக்குச் சற்று முன்னால், எங்கோ தொலைவில் எக்காள ஒலி: கிரேன்கள். நம் நாட்டு சாரஸ் கொக்குக்கு உறவான பெரிய பறவை. சுமார் நானூறு ஆண்டுகள் இங்கிலாந்தில் கூடு கட்டாமல் இருந்தது. 1979இல் மூன்று கிரேன்கள் ஹார்ஸி பக்கம் தாமாக வந்து இறங்கி, போக மனமில்லாமல் தங்கி, 80களின் தொடக்கத்தில் குஞ்சும் பொரித்தன. கூட்டை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று பல ஆண்டுகள் ஊரே வாய் திறக்காமல் இருந்தது. இருட்டிய பிறகு திரும்பி நடக்க டார்ச் கொண்டுபோங்கள். பஸ்ஸை நம்பிப் போகிற இடம் அல்ல இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரெக்ஸ் பகுதியில் வீட்டிங் ஹீத், ஏப்ரல், மே. நம் கண்கிலேடியின் நெருங்கிய உறவான ஸ்டோன் கர்லூ முயல் மேய்ந்த கட்டைப் புல்லில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், அந்த மஞ்சள் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். காலை குளிர்ச்சியில் போங்கள், வெயில் ஏறினால் கானல் எல்லாவற்றையும் அலம்பிவிடும். வெல்னி, கவுண்டியின் மேற்குக் கோடி, குளிர்காலம். 17ஆம் நூற்றாண்டில் நிலத்தை வடிக்க வெட்டிய இரு கால்வாய்களுக்கு நடுவே வெள்ளம் நிற்கிற வெளியில் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஹூப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்கில். அந்தியில் விளக்கு போட்டு அவற்றுக்குத் தீனி போடுவார்கள், சூடேற்றிய கூடத்துக்குள் இருந்தபடி பார்க்கலாம். பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். நார்விச்சிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், டிக்கெட்டும் உண்டு. பிளேக்னி பாயின்ட், மார்ஸ்டன் துறையிலிருந்து படகு. கோடையில் ஆலா என்கிற கடற்பறவைகள், எந்நாளும் சீல்கள். டிசம்பரில் சீல் குட்டிகள், வருடத்துக்கு 3,000க்கும் மேல்.

ஹைட் பழக்கவழக்கம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் புதிதாகப் போகிறவர்களுக்கு அங்கேதான் கூச்சம். நுழையும்போது கதவை மெல்லச் சாத்தி, தாழ்ந்த குரலில் 'ஏதாவது இருக்கிறதா?' என்று கேளுங்கள், அதுதான் இங்கே வணக்கம். பதிலாக ஒரு நீண்ட பட்டியல் வரும். குழந்தை இருந்தால் அநேகமாக யாராவது தங்கள் டெலஸ்கோப்பைத் தாழ்த்தி வைத்துக் கூப்பிடுவார்கள். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டிக் காட்டக் கூடாது, பறவைகள் கலைந்துவிடும். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இங்கே கெட்ட பழக்கமாகக் கருதப்படுகிறது. கோணமூக்கு உள்ளான், ஸ்டோன் கர்லூ, சிறிய ஆலா போன்ற சில இனங்களின் கூட்டருகே போய்க் கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே.

சாமான் விஷயத்தில் செலவு வேண்டாம். 8x42 பைனாகுலர் ஒன்று, பழையதாக இருந்தாலும் போதும். மகளுக்கு எடை குறைந்த ஒன்று. கையுறையும் இரட்டைச் சாக்ஸும் பைனாகுலரைவிட முக்கியம், வட கடல் காற்று கோட்டைத் துளைத்துக்கொண்டு வரும். ஆர்எஸ்பிபி உறுப்பினரானால் ஸ்ட்ரம்ப்ஷா, டிச்வெல் இரண்டிலும் கட்டணம் இல்லை. நாலைந்து முறை போவதானால் குடும்பச் சந்தா லாபம்.

இந்த மாதத்துக்கு என் யோசனை: வருகிற சனிக்கிழமை ஸ்ட்ரம்ப்ஷா, ஒரு பாதை மட்டும். அடுத்து கிழக்குக் காற்று சொல்கிற முதல் வார இறுதியில் ஷெரிங்ஹம் ரயில் ஏறி கிளே. வெல்ஸ் காடு அதே பஸ் வழியில்தான், ஆனால் குழந்தையோடு ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்னெட்டிஷமை நவம்பர் அமாவாசைக்கு அடுத்த நாட்களுக்கு ஒதுக்கி, இப்போதே தங்க இடம் பார்த்துவிடுங்கள். அந்தத் தேதிகளை இங்குள்ள பறவைக்காரர்கள் எல்லோருமே குறித்து வைத்திருப்பார்கள், அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.